பேசின் அக்கா

குழாயைத் திறந்ததும் தண்ணீரை விரலால் தொட்டுப் பார்க்க மாட்டாள். மணிக்கட்டின் உட்பக்கத்தைத்தான் காட்டுவாள். ஷாம்புவிலும் சாயத்திலும் ஊறித் தோலுரிந்த விரல் நுனிகளுக்குச் சூடு குளிர் தெரியாமல் போய் ரொம்ப நாளாகிறது. மணிக்கட்டு சரியென்ற பிறகுதான் தண்ணீர் தலைக்குப் போகும். இடது உள்ளங்கை குவிந்து காதை மூடிக்கொள்ளும். நகம் படாது, கழுத்தடியில் மடித்து வைத்த துண்டு நழுவாது. சாய்ந்த இடத்திலேயே குறட்டை விட்டவர்கள் உண்டு.

தலை கழுவும் தொட்டிக்கு அந்த அழகு நிலையத்தில் பேர் பேசின், அவளுக்குப் பேர் பேசின் அக்கா. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, நாற்பதை நெருங்கும் வயதில், முடி வெட்டும் தொழில் கற்றுக்கொள்ள வந்தவள். வந்த அன்றே கடை முதலாளியம்மா, எல்லோருக்கும் அவர் மேடம், முதலில் கொஞ்ச நாள் தலை கழுவு, அப்புறம் கத்தரி தருகிறேன் என்றார். முறைதான். எல்லோரும் பேசினில்தான் ஆரம்பிக்கிறார்கள். அங்கேயே நின்றுபோனது இவள் ஒருத்திதான்.

அவள் செய்த ஒரே தப்பு, அந்த வேலையை நன்றாகச் செய்தது. பின்னால் வந்த பெண்கள் காதுக்குள் தண்ணீர் விட்டார்கள், ரவிக்கையை நனைத்தார்கள், ஷாம்புவைக் கண்ணில் விட்டு ஏச்சு வாங்கினார்கள். இவர்களை இங்கே விட்டால் வாடிக்கை போய்விடும் என்று மேடம் அவசர அவசரமாக அவர்கள் கையில் கத்தரியைக் கொடுத்து நாற்காலிப் பக்கம் தள்ளினார். சொதப்பினால் மேலே போகலாம் என்பது அந்தக் கடையின் சட்டம். இது புரிந்ததும் இவளும் ஒருநாள், இன்றைக்கு யார் காதிலாவது தண்ணீர் விட்டே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு நின்றாள். தலை வந்தது. தண்ணீர் போவதற்குள் பாழாய்ப்போன உள்ளங்கை தானாகப் போய்க் காதை மூடிக்கொண்டது.

அவளிடம் சொந்தமாக ஒரு கத்தரி உண்டு. ஏப்ரன் பாக்கெட்டில் கிடக்கும். வேலையில்லாமல் நிற்கும்போதெல்லாம் கையை உள்ளே விட்டுத் திறந்து மூடிக்கொண்டிருப்பாள். டிக், டிக் என்று சத்தம் வரும். "பாக்கெட்ல என்ன, எலி வளக்கறியா?" என்று மேடம் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். கடைக்குள் அந்தக் கத்தரி ஒரு தலையைக்கூடத் தொட்டதில்லை. வீட்டில் ஒரு பொம்மைத் தலையை வெட்டி வெட்டியே வழுக்கையாக்கியிருந்தாள்.

வீட்டின் முன்னறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டி, எதிரே சுழல் நாற்காலியும் போட்டிருக்கிறாள். சான்றிதழ் கிடைத்தால் அதுதான் அவள் கடை. இப்போதைக்கு அந்த நாற்காலியில் புருஷனின் சட்டைகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. தலை கழுவுவதற்கு இத்தனை வருஷப் படிப்பா என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். விட்டுவிட்டு வேறு கடைக்குப் போகலாம்தான். ஆனால் அங்கே முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், மறுபடி பேசினிலிருந்து.

வருஷத்துக்கு ஒருமுறை தொழிற்சங்கத்திலிருந்து தேர்வாளர் கடைக்கு வருவார். பயிற்சியில் இருப்பவர் தானே ஒரு ஆளைக் கூட்டிவந்து, அவர் கண்ணெதிரில் முழுத்தலையும் வெட்டிக் காட்ட வேண்டும். ஒரு தலையை ஒருவர்தான் வெட்டிக் காட்டலாம். நச்சரித்து நச்சரித்து இந்த வருஷம் தன் பேரையும் சேர்க்க வைத்துவிட்டாள். அவளுடைய சொந்த அக்கா அதற்காகவே ஒரு வருஷமாக முடியில் கைவைக்காமல் வளர்த்தாள். வேர்வையில் பிடரி அரிக்க, "உன் பரீட்சை முடியட்டும்டி, அப்புறம் மொட்டையே அடிச்சுக்கறேன்" என்று புலம்பிக்கொண்டே வளர்த்தாள்.

தேர்வு நாளில் இரண்டு பேர். இவள் ஒருத்தி, கடைசியாக வந்து சேர்ந்த சின்னவள் இன்னொருத்தி. இவளுடைய அக்கா காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள், சின்னவள் ஏற்பாடு செய்திருந்த தோழி வரவில்லை. அந்த நேரம் பார்த்து வக்கீலம்மா உள்ளே வந்தார், கடையின் பெரிய வாடிக்கை. தேர்வாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேடம் இவள் பக்கத்தில் வந்து, குரலில் தேன் தடவிக்கொண்டு சொன்னார்.

"ஒரே ஒரு தலைதான். கழுவிட்டு ஓடி வந்துடு. அந்தம்மா உன் கையத் தவிர வேற யார்கிட்டயும் தலையக் குடுக்க மாட்டாங்க."

நம்பிப் போனாள். பேசின் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. தலையைத் தேய்க்கும்போது அந்தப் பக்கம் கத்தரிச் சத்தம் கேட்டது. கடையில் அது எப்போதும் கேட்கிற சத்தம்தானே. அவசரப்படாமல், வழக்கம்போல இரண்டாம் முறையும் அலசித் துண்டு சுற்றிவிட்டு வந்தாள்.

அக்கா நாற்காலியில் இருந்தாள். தரையெல்லாம் முடி. சின்னவள் கடைசி ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கண்ணாடியில் தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அக்காவின் முகம் செத்துப்போயிற்று.

"நீதான் இவள வெட்டச் சொல்லி அனுப்பி வெச்சேன்னு மேடம் சொன்னாங்களேடி."

தேர்வாளருக்கு அடுத்த கடைக்கு நேரமாகிவிட்டது. சின்னவளின் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். அடுத்த வருஷம் முதல் ஆள் நீதான் என்று மேடம் வாய் கூசாமல் சொன்னார். சொல்லிவிட்டு, "நீ நாற்காலிக்குப் போயிட்டா பேசினை இழுத்து மூட வேண்டியதுதான். அதைப் பெருமையா நெனச்சுக்கோ" என்றும் சேர்த்துக்கொண்டார். சின்னவள் கீழே குனிந்து சீப்பைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். அக்காவை அனுப்பிவிட்டு, தரையில் கிடந்த ஒரு வருஷ முடியைப் பெருக்கி அள்ளியதும் இவள்தான். பெருக்குவது பேசின் வேலையைச் சேர்ந்தது.

சாயந்தரம் கூட்டம் ஓய்ந்ததும் மேடம் தன் தலையைக் கொண்டுவந்து பேசினில் சாய்த்தார். அதுவும் வழக்கம்தான். அலுப்பு தீர இவள் கைதான் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, ஆரம்பி என்றார்.

குழாயைத் திறந்து மணிக்கட்டைக் காட்டினாள். சூடு சரியாக இருந்தது. இடது உள்ளங்கை காதை மூடியது. முடி முழுக்க நனைந்து பேசினுக்குள் தொங்கியது. வலது கையை ஏப்ரன் பாக்கெட்டுக்குள் விட்டாள்.

டிக்.

"எலிக்குக் கொஞ்சம் ஓய்வு குடு" என்றார் மேடம், கண்ணைத் திறக்காமல்.

பின்மண்டையிலிருந்து ஒரு கொத்து முடி, ஓரம் பிசிறில்லாமல், தண்ணீரோடு சுழன்று குழிக்குள் போயிற்று. பேசின் அக்கா கத்தரியை ஏப்ரனில் துடைத்து உள்ளே போட்டுவிட்டு, ஷாம்புவை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள்.