அவளிடம் வாங்கிய சத்தியம்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பெருமைக்குச் சொல்லவில்லை, பிறவிக் குணம். மீன்காரி கூட ஒரு மீன் சேர்த்துப் போட்டால் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். அப்பேர்ப்பட்ட எனக்குப் பக்கத்து வீட்டில் அவள் வந்து வாய்த்தாள்.

ராயபுரத்தில் அப்போது நாங்கள் இருந்தது, எட்டு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒரு வரிசை. எட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் கரி இறக்கும் வேலை. அவள் புருஷனுக்கு ரயில்வே ஷெட்டில். அவர்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அவள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பிள்ளை இல்லை.

பிரசங்கம் கிரசங்கம் ஒன்றும் செய்யமாட்டாள். செய்திருந்தால் ஒரே சண்டையில் முடித்திருப்பேன். எந்தப் பேச்சை எடுத்தாலும் அதற்குள் தன் சாமியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள், அதுதான் தொல்லை. குழாய் நிற்கப் போனால், "மாதாவே, இன்னும் ரெண்டு கொடம் உடும்மா, இவ கொயந்தத் துணி அலசணும்" என்பாள். குடம் ரொம்பிவிட்டால் என் பக்கம் திரும்பி, "பாத்தியாமே, கேட்டுகினா" என்பாள். மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தால், "எங்க சேசுவும் மீன் சுட்டுத் துண்ணவருதான், தெரியுமா?" என்பாள். சாமி மீன் தின்றது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அந்தக் குழம்பைச் சோற்றில் பிசையும்போதே, இவள் எதற்கு அடி போடுகிறாள் என்று மனசு நோண்டிக்கொண்டே இருக்கும்.

தண்டையார்பேட்டையிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் ஒரு நாள் இதையெல்லாம் கேட்டுவிட்டு என்னை உள்ளே இழுத்தாள். "உஷாரா இரு. சாவக் கெடக்கிற கொயந்த தலையில தண்ணிய ஊத்தி மந்திரம் சொல்லிடுவாங்க. அவ்ளோதான், அது அவங்க வேதத்துல சேந்துடும். சாமியாருகூட வேணாமாம், யாரு வேணா ஊத்தலாமாம். பெத்தவளுக்கே தெரியாது" என்றாள்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் குழாயடியில் அவளிடமே கேட்டுவிட்டேன். மழுப்புவாள் என்று நினைத்தேன். அவள் மழுப்பவில்லை.

"ஆமாம்மே. பொயைக்காதுன்னு தெரிஞ்சா ஊத்தணும். அப்பதான் அது மோட்சத்துக்குள்ள போவும்."

"ஊத்தலைன்னா?"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் என் பெண்ணைத் தூக்கினால் என் கண் அவள் கையை விட்டு நகராது. கை ஈரமா, காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். குழந்தையோ அவளைக் கண்டால் என்னிடமிருந்து தாவும். அது வேறு எனக்கு எரிச்சல்.

ஏழாவது மாதத்தில் என் பெண்ணுக்குப் பேதி கண்டது. மூன்றாம் நாள் கண் குழிந்துவிட்டது, உடம்பு அனலாய்க் கொதித்தது. அவர் விடியற்காலையே கப்பலுக்குப் போயிருந்தார். டிஸ்பென்சரியில் மருந்து வாங்க நாம்தான் பாட்டில் கொண்டுபோக வேண்டும். வெயிலோ மண்டையைப் பிளந்தது. குழந்தையைத் தூக்கிப் போனால் வழியிலேயே துவண்டுவிடும். வரிசையில் மற்றவர்கள், பேதி ஒட்டிக்கொள்ளுமென்று எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. அவள் ஒருத்திதான் வந்து, "நீ ஓடும்மே, நான் பாத்துக்கிறேன்" என்று மடியில் வாங்கிக்கொண்டாள்.

நான் ஓடவில்லை. பாட்டிலும் கையுமாக அவள் எதிரே நின்றேன்.

"தலையில தண்ணி ஊத்தமாட்டேன்னு சத்தியம் பண்ணு. உங்க மாதா மேல பண்ணு."

"அத்த மட்டும் கேக்காதம்மே. வேற இன்னா வேணா கேளு."

"அப்ப ஊத்தத்தான் வந்திருக்கே."

அவள் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். நான் நகருவதாக இல்லை. கடைசியில், மாதா படம் தைத்துக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்த உத்தரியத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, "மாதா மேல சத்தியமா ஊத்தமாட்டேன், போ" என்றாள். அதற்குப் பிறகுதான் நான் தெருவில் இறங்கினேன்.

மருந்தோடு திரும்பி வந்தபோது குழந்தை அவள் மடியில் மூச்சில்லாமல் கிடந்தது. முடியெல்லாம் ஈரம். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். "காய்ச்சலுக்குத் துணி நனைச்சுப் போட்டேன்" என்றாள், நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே. பெற்ற வயிறு பற்றி எரிகிற அந்த நேரத்திலும் என் மனசில் முதலில் ஓடியது என்ன தெரியுமா? ஊத்திட்டாள், பாவி. இப்போது எழுதக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் எல்லாமே என் சந்தேகத்துக்குத் தோதாக நடந்தது. அதற்கு முந்தின மாதம்தான் அடுத்த தெருவில் ஒரு வேதக்காரர் வீட்டுக் குழந்தை தவறிப்போயிருந்தது. அந்தத் தாயிடம் இவள், "அழாதே, அது சம்மனசாயிடுச்சி" என்று சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். சம்மனசு என்றால் அவர்கள் பேச்சில் தேவதூதர். என்னிடம் அப்படி ஒரு சொல் வரவில்லை. வாசலில் வந்து உட்காருவாள், தரையைப் பார்ப்பாள், எழுந்து போவாள். குழாயடியில் மாதாவைக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். செய்த காரியம் வாயை அடைக்கிறது என்று முடிவு கட்டினேன். அதோடு, மாதத்துக்கு ஒரு தரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவள் இப்போது சனிக்கிழமை தவறாமல் போக ஆரம்பித்தாள். சாமியாரிடம் மண்டி போட்டுத் தன் பாவத்தைச் சொல்வது அவர்கள் வழக்கம். இப்படி வாராவாரம் போய்ச் சொல்ல இவளிடம் என்ன பாவம் இருக்கிறது? என் குழந்தையைத் திருடியதைத் தவிர?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பின்னாலேயே போனேன். கோயிலுக்குள் கடைசியில் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முறை வந்தது. சாமியார் உட்கார்ந்திருந்த பலகைக் கூண்டுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள். எழுந்தபோது முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். வெளி வாசற்படியில் அவள் முழங்கையைப் பிடித்துவிட்டேன்.

"உள்ளார இன்னா சொன்னே? எங்கொயந்த தலையில தண்ணி ஊத்தினேன்னுதானே?"

அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஊத்தலைன்னு சொன்னேம்மே."

பிடித்த கையை விடத் தோன்றவில்லை எனக்கு. அவளே சொன்னாள்: "மூச்சு நின்னு நின்னு வந்துகினு இருந்திச்சி. போவுதுன்னு தெரிஞ்சிபோச்சி. சொம்பத் தூக்கினேன். உன்கிட்ட பண்ண சத்தியம் நெனப்பு வந்திச்சி, கீய வெச்சிட்டேன். மறுபடி தூக்கினேன், மறுபடி வெச்சேன். அதுக்குள்ள போயிடுச்சி. நான்தாம்மே அத்த உள்ள போவ உடாம, மோட்சத்துக்கு வெளிய நிக்க வெச்சிட்டேன். வாராவாரம் இதையேதான் சொல்றேன். இனிமே இத்த இங்க கொண்டாராதேன்னுட்டாரு சாமியாரு."

அவளுடைய மோட்சத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. என் பெண் மண்ணுக்குப் போனாள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லி ஆற்றிவைத்திருந்தேன். ஆனாலும் அவள் அப்படிச் சொன்னதும் எனக்குத் தாங்கவில்லை. அவளை அடித்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது. கையை ஓங்கியேவிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ஊத்தித் தொலைச்சிருக்கக் கூடாதாக்கா," என்றேன். "அதுக்கு இன்னும் நிக்கவே தெரியாதே."