தீபாவளி மழையும் குகதாசனும்

சனிக்கிழமை காலை, குகதாசன் மாரடைப்பில் போய்விட்டான் என்று எங்கள் அலுவலக இயக்குநர் தொலைபேசியில் சொன்னார். “ஐயோ” என்றது வாய். மனம் சொன்னதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்: ‘இதிலும் முந்திக்கொண்டானே.’

அவனை அறிந்த நீங்கள் எல்லோரும் ‘அவர்’ என்பீர்கள். இருபது வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வயிறெரிந்தவனுக்கு அந்த மரியாதை வரவில்லை, மன்னியுங்கள்.

எங்கள் வேலை ஆற்று வடிநிலத்தின் தண்ணீர்க் கணக்கு. மூடா ஆற்றுப் பக்கம் எவ்வளவு மழை பெய்தது, எவ்வளவு ஆற்றோடு போனது, எவ்வளவு ஆவியானது, மண்ணிலும் அணையிலும் எவ்வளவு தங்கியது என்று மாதந்தோறும் கூட்டிக் கழிக்க வேண்டும். தோட்டங்களில் இருந்த மழைமானிகள் போதாமல், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செயற்கைக்கோள் மேகப் படங்களும் வானிலைக் கணினி மாதிரிகள் தரும் எண்களும் வந்துசேர்ந்தன. அந்தப் புதுப் பிரிவுக்குத் தலைமை தாங்க ஒருவரை வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பப்போகிறார்கள் என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. போட்டி இரண்டே பேருக்குள். அவன் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதிய யாழ்ப்பாணத்துக் கிராணி வீட்டுப் பிள்ளை; ஆங்கிலம் மழையாகக் கொட்டும். நான் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். ஒரே ஒரு தடவை அவனை ஜெயித்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அந்த ஆண்டு தீபாவளி மாதக் கணக்கு உதைத்தது. பெய்த மழையைவிட ஆற்றில் ஓடிய தண்ணீர் அதிகம்! தீபாவளியை ஒட்டிய மூன்று நாளும் மலைப்பக்கம் கனமழை என்றது செயற்கைக்கோள். அங்கிருந்த தோட்டத்து மழைமானிக் குறிப்பிலோ மூன்று நாளும் சுழி, ஒரு சொட்டு மழை இல்லை; நாலாம் நாள் மட்டும் ஒரு பெரிய எண். செயற்கைக்கோள் தவறு என்று நான் அறிக்கையே எழுதிவிட்டேன்.

மறுநாள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு கடையில் நாசி கண்டார், சோறும் பல கறிக்குழம்பும், சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குகதாசன் கேட்டான்:

“உங்க அப்பா தோட்டத்துல மழை அளந்தவருதானே? தீபாவளிக்கு என்ன பண்ணுவாரு?”

“என்ன பண்ணுவாரு? எண்ணெய் தேச்சுக் குளிச்சு, ஆட்டுக்கறி சாப்பிட்டுட்டுப் படுத்துருவாரு. மூணு நாளைக்கு மானிப் பக்கமே போக மாட்டாரு லா.”

சொல்லி முடிப்பதற்குள் என் கை சோற்றில் நின்றுவிட்டது.

“அதான் லா! யாரும் பார்க்கல. மானிக்குள்ள இருக்கிற போத்தல் நிரம்பி வழிஞ்சிருச்சு. மிஞ்சினத அளந்து நாலாம் நாள் எழுதிட்டாங்க!” என்று மேசையைத் தட்டினான்.

அப்பா என் அப்பா. ஆட்டுக்கறியும் நான் தின்றது. கண்டுபிடித்தவன் அவன்!

திருட்டுப் பயல் என்று திட்டவாவது முடிந்ததா? இல்லை. “இவன் சொன்னத வெச்சுத்தான் எனக்குப் பிடிபட்டுச்சு” என்று இயக்குநரிடம் என்னை நிறுத்தி வைத்தே சொன்னான். அவர் சிரித்துவிட்டு அவனைத்தான் பயிற்சிக்கு அனுப்பினார். திரும்பி வந்தவன் என் பிள்ளைகளுக்குச் சாக்லேட் வாங்கி வந்தான். அதை நான் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. “கணக்கு ஒரேயடியா நேரா வந்துட்டா, இன்னொரு தடவை பாரு லா” என்பான். அதை நானும் பிறரிடம் சொல்லியிருக்கிறேன், அவன் பெயரைச் சொல்லாமல்.

கருமாதி முடிந்த மறுநாள், அவன் கடைசியாகப் போட்ட மாதக் கணக்கு சரிபார்க்க என்னிடம் வந்தது. அச்சாக நேராக வந்திருந்தது. இன்னொரு தடவை பார்த்தேன். அணை ஏரியிலிருந்து ஆவியான தண்ணீரை இரண்டு முறை கழித்திருந்தான். அதனால் விழுந்த குறையை மண் ஈரக் கணக்கில் சரிக்கட்டியிருந்தான். குகதாசன், தப்பு! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவனிடமே சொல்லிக் காட்டத் தொலைபேசியை எடுத்து அவன் வீட்டு எண்ணைச் சுற்றிவிட்டேன்.

“ஹலோ, யாரு?” என்றது அவன் மனைவியின் குரல்.

அவன் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. “நான்தாம்மா… சும்மாதான், சாப்பிட்டீங்களான்னு கேக்க.”

“இப்பதாண்ணே,” என்றவர் அழத் தொடங்கினார். நானும்தான்.

கணக்கைத் திருத்தி மேலே அனுப்பினேன். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் இருந்திருந்தால் ஊரைக் கூட்டி என்னைப் புகழ்ந்திருப்பான். அதற்கும் எனக்கு வயிறு எரிந்திருக்கும். அந்த எரிச்சல் ஒன்றுதான் அவன் எனக்கு விட்டுப்போனது. அதை யாருக்கும் பங்கு தரமாட்டேன்.