இரண்டு பக்கமும் தலை

போன ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய நாணயக் கண்காட்சி. போயிருந்தேன். போகாமலே இருந்திருக்கலாம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு செம்புக் காலணா. ஒரு பக்கம் ராஜா தலை, மேடாக. மறுபக்கமும் அதே தலை... ஆனால் பள்ளமாக, இடவலம் மாறி. ‘காசு அடிக்கும் மின்ட்டிலேயே நேர்ந்த பிழை, அபூர்வம்’ என்று அட்டை வைத்திருந்தார்கள்.

அச்சாக இதே மாதிரி ஒன்றை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போலி என்று சொன்னவன் நான்.

அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகட்டை அழுத்திப் பாகங்கள் அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் எனக்கு இன்ஸ்பெக்டர் வேலை. அடித்து வரும் பீஸ்களில் நல்லதையும் கழிவையும் பிரிக்க வேண்டும். பழைய காசு சேர்ப்பவன் என்ற பெயர் வேறு. ஏகாம்பரம் அங்கே பிரஸ் ஆபரேட்டர். கோவில்பதாகையிலிருந்து சைக்கிளில் வருவார். ஞாயிறானால் என் வீட்டில்தான் டீ.

ஒருநாள் கேன்டீனில், காகிதத்தில் மடித்து வைத்திருந்த காலணாவை எடுத்து நீட்டினார். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்ததாம்.

புரட்டிப் பார்த்தேன். அரை நிமிஷம்கூட இருக்காது. இன்னொரு காசை மேலே வைத்து அழுத்தினால் இப்படி வரும் என்று எங்கோ படித்திருந்தேன். சுற்றிலும் பத்துப் பேர் — நிபுணன் தயங்கலாமா?

“நம்ம பிரஸ்லயே வெச்சு அடிச்சீங்களா ஏகாம்பரம்?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. “முன்னாடி பீஸு டையில ஒட்டிக்கிச்சுன்னா, அடுத்த பீஸு மேல இப்டித்தான் சார் உயும். நம்ம மிஷின்லயே பாத்துக்கீறேன்” என்றார்.

எவ்வளவு சரியான விளக்கம்! டையில், அதாவது அச்சில், ஒட்டிக்கொண்ட முந்தின காசே அடுத்த காசுக்கு அச்சாகிவிடும்; தலை பள்ளமாக விழும். அன்று காதில் ஏறவில்லை.

பேச்சு சூப்பர்வைசர் வரை போயிற்று. கம்பெனி மிஷினில் சொந்த வேலை பார்த்ததாக ஏகாம்பரத்துக்கு மெமோ. என்னைக் கூப்பிட்டு விசாரித்தபோதாவது, சரியாகத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கௌரவம் விட்டதா? அழுத்தியதுதான் என்றேன்.

மூன்று நாள் சஸ்பென்ஷன். திரும்பி வந்த அன்று, என் எதிரிலேயே அந்தக் காசை ஸ்கிராப் தொட்டியில் போட்டார். சாயங்காலம் லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. அதற்கப்புறம் எந்த ஞாயிறும் அவர் வரவில்லை.

கண்காட்சிக்காரர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பிற்பாடு யாரோ அழுத்திய காசு என்றால் மேட்டுப் பக்கத்துத் தலை நசுங்கியிருக்கும்; பள்ளத்துக்குள் பழைய எழுத்து கொஞ்சமாவது மிச்சமிருக்கும். ஏகாம்பரத்தின் காசில் ராஜாவின் தாடியில் ஒரு மயிர்கூடக் கலையவில்லை. பள்ளத்தில் ஒரு எழுத்தும் இல்லை. கண் பார்த்தது. வாய்தான் அவசரப்பட்டது.

மண்டபத்திலிருந்து நேரே கோவில்பதாகைக்குப் போனேன். வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் காசு இன்று என்ன விலை போகும் என்றுகூட அவர் கேட்கவில்லை.

“அந்த மூணு நாளும் ஊட்ல சொல்லல சார். டிபன் பாக்ஸ எட்துகினு போயி ஏரிக்கரைல குந்திகினு இருந்தேன். ஷிப்ட் உடுற நேரத்துக்கு ஊட்டுக்கு வந்துடுவேன்” என்றார்.

மன்னிப்புக் கேட்பதற்கென்று வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன்... அதைச் சொல்லாமலே திரும்பி வந்தேன்.