அப்பா இறந்த சனிக்கிழமைகள்

எனக்கு ஒன்பது வயதாயிருந்த கோடையில் என் தந்தையார் ஏறக்குறைய ஒவ்வொரு சனிக்கிழமையும் இறந்தார். பகல் பதினொன்றரை மணியளவில் இறப்பார். பன்னிரண்டுக்குள் எழுந்து, உடுப்பில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, எனக்கு ஐஸ்பழம் வாங்கித் தருவார். ஆகையால் சாவைப் பற்றி அக்காலத்தில் எனக்கிருந்த அபிப்பிராயம் அவ்வளவு கெட்டதன்று.

எண்பத்தேழாம் ஆண்டு அது. சென் ஜேம்ஸ் ரவுண் என்னும் குடியிருப்பின் உயர்ந்த கட்டடங்களுள் ஒன்றில், பதினான்காம் மாடியில், நாங்கள் மூவரும் குடியிருந்தோம். ஊரில் வரலாறு கற்பித்த அப்பா, ரொறன்ரோவில் உடை திருத்தும் கடையொன்றில் பிறருடைய காற்சட்டைகளை நீட்டியும் குறுக்கியும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் தபால்காரர் ஒருவர் கிழிந்த செங்கம்பளிச் சட்டையொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயப் படையினர் அணிந்த சட்டையின் மாதிரி அது. அமெரிக்கர் ஏரிவழியே கப்பலேறி வந்து இந்நகரைத் தாக்கிய பழைய போரை, ஏரிக்கரைக்கு அண்மையிலிருந்த கோட்டையில் கோடைதோறும் நடித்துக்காட்டும் குழுவொன்று இருந்தது. அக்குழுவுக்குத் தபால்காரரே சார்ஜன்ட்.

தையல் இயந்திரம் பிறக்குமுன் தைத்த சட்டைக்கு இயந்திரத் தையல் பொருந்தாது என்று சொல்லி, அப்பா இரண்டு மாலைப்பொழுதுகள் இருந்து அதனைக் கையாலேயே தைத்துக் கொடுத்தார். சார்ஜன்ட் மூக்குக்கண்ணாடியை மாட்டித் தையலைப் பார்த்தார். பின் அதனைக் கழற்றி அப்பாவைப் பார்த்தார். குழுவில் ஓராள் குறைகிறது என்றார்.

அன்று தொடங்கிய பித்து எங்கள் வீட்டைப் பிடித்தது. நூலகத்திலிருந்து தலையணை பருமனான புத்தகங்கள் வந்தன. எந்தப் படைப்பிரிவினர் பொத்தான்களை ஒற்றையாகத் தைத்தனர், எவர் இரண்டிரண்டாகத் தைத்தனர் என்பது சோறு உண்ணும்போது பேசப்படும் பொருளாயிற்று. வெள்ளைத் துணி மிகவும் வெள்ளையாக இருக்கிறதென்று தேயிலைச் சாயத்தில் ஊறவைத்ததில், அம்மாவின் கறிச்சட்டி ஒன்று நிரந்தரமாக நிறம் மாறியது. என் பழைய கணக்குக் கொப்பிகளின் தாள்களைப் பென்சிலில் சுருட்டி, துவக்குக்கு வெடிமருந்து நிரப்புவதற்குரிய கூடுகள் செய்வார். பிழையாகப் போட்ட கணக்குகள் எல்லாம் ஏரிக்கரையில் வெடித்துப் போகும் என்பதில் எனக்கு மிகுந்த ஆறுதல் இருந்தது.

மேல்மாடியில் இருந்த அண்ணை ஒருவர் லிஃப்டில் அப்பாவை அந்த வேடத்தில் கண்டுவிட்டார்.

"வெள்ளைக்காரன் எங்களை விட்டுப் போய் நாப்பது வருசமாகுது. மாஸ்டர் மட்டும் இன்னும் அவன்ரை சட்டையைக் கழட்டேல்லை" என்றார்.

"நல்ல தையல், அண்ணை. கழட்ட மனம் வரேல்லை" என்றார் அப்பா.

நெற்றித் திருநீற்றை மட்டும் அவர் அழிக்கவில்லை. போர் நடந்த ஆண்டில் எந்தச் சிப்பாயும் இவ்வாறு மூன்று குறி இட்டிருக்கமாட்டான் என்று சார்ஜன்ட் முதல்நாள் அணிவகுப்பிலேயே சுட்டிக்காட்டினாராம். சட்டை மன்னருடையது, நெற்றி என்னுடையது என்று அப்பா பதில் சொன்னாராம். அதன்பின் அணிவகுப்பைப் பார்வையிடும்போது அவருடைய தொப்பியைச் சற்றுக் கீழே இழுத்துவிடுவதோடு சார்ஜன்ட் நிறுத்திக்கொண்டார்.

போர் தொடங்குமுன் ஒரு வழக்கம் உண்டு. எவர் விழுவது என்று முடிவுசெய்ய, சார்ஜன்ட் தம் தொப்பிக்குள் வெள்ளை அவரை விதைகளும் கறுப்பு விதைகளும் போட்டுக் குலுக்கி நீட்டுவார். கறுப்பு எடுத்தவர் இறக்கவேண்டும். அதனை எவரும் விரும்புவதில்லை. வெயிலிலே கம்பளிச் சட்டையோடு புல்லில் அசையாது கிடப்பது கொடுமை. அன்றியும் ஆசைதீரச் சுடவும் முடியாது. அப்பாவோ தமக்கு வெள்ளை வந்தால், கறுப்பு வந்தவரைத் தேடிச் சென்று மாற்றிக்கொள்வார். குழுவில் அவருக்கிருந்த பெருமதிப்புக்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

மற்றவர்கள் மார்பைப் பற்றிக்கொண்டும் சுழன்றும் பெருஞ்சத்தத்தோடு இறப்பார்கள். அப்பா அப்படியல்லர். முதல் வேட்டொலி கேட்டதும், களைத்தவர் உட்காருவதுபோல் மெல்ல முழந்தாளிட்டு, பின் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுவார். வெண்புகை தாழ்ந்து வந்து அவரை மூடும். கோட்டை மதிலும் மரங்களும் மனிதரும் அப்புகைக்குள் கரைந்துபோவர். உலகம் படைக்கப்படுவதற்கு முன் எவ்வாறு இருந்ததோ அவ்வாறு ஒரு வெறுவெளி. சற்றுப்பொழுதில் ஏரிக்காற்று வந்து புகையை விலக்க, மேளம் ஒலிக்கும். இறந்தோர் யாவரும் எழுவர். கயிற்றுக்கு இப்பால் நிற்கும் சனங்கள் கைதட்டுவர். ஆட்டுவிப்பவன் ஒருவன் மறைத்து மறைத்துக் காட்டுகிற விளையாட்டு என்று இறைவனைப் பாடும் பதிகங்களை இன்று ஓதுகையில், என் மனக்கண்ணில் முதலில் எழுவது அந்தப் புகைதான்.

அம்மா ஒருநாளும் கோட்டைக்கு வந்ததில்லை. தாலி கட்டியவர் பிணமாகக் கிடப்பதைப் பார்க்கத் தனக்கென்ன விசரா என்று கேட்பார். சனிக்கிழமைகளில் பதினொன்றரை ஆனதும், அடுப்பைத் தணித்துவிட்டுச் சுவாமிப் படத்தின் முன் சென்று நிற்பாராம்.

அவ்வளவு அஞ்சிய அம்மாதான், அந்த ஆடி அமாவாசைக்கு முந்திய வாரத்தில், அப்பாவிடம் வேறொரு சாவைக் கேட்டார்.

அப்பாவுக்கு ஒரே தம்பி. எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தின்போது கொழும்பில் ஓர் அச்சகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனவரை அதன்பின் எவரும் காணவில்லை. அப்பா அகதி முகாம்களிலும் ஆசுபத்திரிகளிலும் தேடினார். கனடாவுக்கு வந்த பின்னும் காகிதம் எழுதிக்கொண்டேயிருந்தார். எனக்கு அந்தச் சித்தப்பாவின் முகம் நினைவில்லை. அவர் இன்னும் வந்துசேராத ஒருவர், அவ்வளவுதான்.

ஆடி அமாவாசையில் அப்பா தம் தந்தையாருக்கு ஏரிக்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பது வழக்கம். அந்த ஆண்டு அது சனிக்கிழமையில் வந்தது.

"நாலு வருசமாப் போச்சு. இந்தமுறை தம்பியின்ரை பேரையும் சொல்லி ஒரு கை தண்ணி விடுங்கோ" என்றார் அம்மா. "ஐயரிட்டைக் கேட்டனான். விடலாமாம்."

அப்பா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"ஆர் கண்டது அவன் செத்ததை?"

"ஒருத்தரும் காணேல்லை. அதுக்காக அந்தப் பிள்ளை தாகத்தோடை அலையிறதே?"

"உயிரோடை இருக்கிறவனுக்கு எள்ளுத் தண்ணி விட்டா, நானே அவனைக் கொன்றதாப் போயிடும். அதை என்னட்டைக் கேளாதையும்."

அப்பா அடுத்த பொத்தானை எடுத்தார். எனக்கோ இருவரிலும் யார் நல்லவர் என்று தெரியவில்லை. அப்பா பொய்யாக இறப்பதையே பொறுக்காத அம்மா, சித்தப்பா மெய்யாகவே இறந்துவிட்டதாகச் சொல்லச் சொல்கிறார். வாரந்தோறும் வலிந்து இறக்கிற அப்பாவோ, மற்றவருக்கு அதனை விட்டுக்கொடுக்க மறுக்கிறார்.

சனிக்கிழமை விடிந்ததும் அப்பா தலைமுழுகி, திருநீறு இட்டு, சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு கோட்டைக்குப் புறப்பட்டார். போருக்கு முன்பே, பதினொரு மணிக்கு, ஏரிக்கரைக்கு வந்து தந்தையாருக்கு உரியதைச் செய்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. அம்மாவும் நானும் மாஜரின் பெட்டியொன்றில் எள்ளும், கடதாசியில் சுற்றிய தர்ப்பையும், ஒரு செம்பும் எடுத்துக்கொண்டு, தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரில் போனோம். ஐயர் ஒரு மரத்தடியில் குடையோடு நின்றார். பதினொன்று ஆயிற்று, பதினொன்றேகால் ஆயிற்று. அப்பா வரவில்லை. உச்சிப்பொழுதுக்குள் முடிக்கவேண்டும் என்று ஐயர் வானத்தைப் பார்த்தார். அம்மா எள்ளுப் பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கோட்டையை நோக்கி நடந்தார்.

நாங்கள் கயிற்றருகே சென்றபோது துவக்குகள் நிமிர்ந்திருந்தன. முதல் வேட்டொலியில் அப்பா முழந்தாளிட்டார். அம்மா சத்தமிடுவார் என்று அஞ்சினேன், அவர் அசையவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின. புகை வந்தது, யாவும் மறைந்தன, ஏரியின் பக்கமிருந்து காற்றெழுந்து யாவும் மீண்டன. மேளம் ஒலித்தது. புல்லில் கிடந்தோர் எழுந்து, ஒருவரையொருவர் கைகொடுத்துத் தூக்கி, தொப்பிகளைத் தேடினர். சனங்கள் கைதட்டினர்.

அப்பா எழவில்லை.

அதுவும் நடிப்பென்று எண்ணிச் சிலர் சிரித்தனர். சார்ஜன்ட் குனிந்து ஏதோ கேட்டார். வெயிலில் மயங்கிவிட்டாரோ என்று தண்ணீர்க் குடுவையைத் திறந்தார். அதற்குள் அம்மா கயிற்றை உயர்த்திக் குனிந்து உள்ளே போய்விட்டார். துவக்கேந்திய சிப்பாய்களுக்கு நடுவே, சேலைக் கரை புல்லைத் தடவ, எள்ளுப் பெட்டியோடு அவர் நடந்து போனதை எவரும் தடுக்கவில்லை. நான் பின்னால் ஓடினேன்.

அப்பா விழித்துக்கொண்டுதான் கிடந்தார். கண்கள் வானத்தைப் பார்த்தபடி இருந்தன. வியர்வையில் திருநீறு கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது.

"எழும்புங்கோ. ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார்" என்றார் அம்மா, வீட்டில் தேநீருக்கு எழுப்பும் குரலில்.

அப்பா மெதுவாகச் சொன்னார்: "பொறும். இன்னும் ஒராள் எழும்பேல்லை."

நான் சுற்றிலும் பார்த்தேன். மைதானத்தின் இந்தப் பக்கம் மதில்வரையும், அந்தப் பக்கம் பீரங்கிவரையும் பார்த்தேன். ஒருவரும் கிடக்கவில்லை. அப்பா எண்ணிக்கையில் பிழைவிட்டதைக் கண்டுபிடித்த பெருமிதத்தோடு சொன்னேன்:

"எல்லாரும் எழும்பீட்டினம், அப்பா. நீங்கள் மட்டும்தான் மிச்சம்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா கையை நீட்டவில்லை. பெட்டியை இரு கைகளாலும் பிடித்தபடியே நின்றார். அப்பா ஒரு கையைத் தரையில் ஊன்றி, தாமாகவே எழுந்தார். அன்று புல்லைத் தட்டவில்லை.

ஏரிக்கரையில், செஞ்சட்டையும் தோற்பட்டியும் கண்ட ஐயர் முகம் சுளித்தார். அப்பா அவற்றைக் கழற்றி என் கையில் தந்தார். அவ்வளவு கனமென்று நான் எதிர்பார்க்கவில்லை. மேனி திறந்து, பழைய காலத்து வெள்ளைக் காற்சட்டையோடு முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்றார். ஐயர் விரலில் தர்ப்பை மோதிரம் இட்டு, உள்ளங்கையில் எள்ளை வைத்துச் செம்பால் தண்ணீர் வார்த்தார். தந்தையார் பெயரைச் சொல்லி விட்டார் அப்பா. பாட்டனார் பெயரைச் சொல்லி விட்டார். பூட்டனார் பெயரையும் சொல்லி விட்டார். வாத்துகள் சில என்னவோ ஏதோவென்று நீந்தி வந்து, அவரைச் சூழ்ந்து நின்றன.

ஐயர் மீண்டும் எள்ளை வைத்தார். யாருக்கென்று கேட்கவில்லை, செம்பைச் சாய்த்தபடி காத்திருந்தார். தண்ணீர் கைநிறைந்து விரலிடுக்குகளால் ஒழுகித் தீர்ந்தது. மறுபடியும் வார்த்தார், அதுவும் ஒழுகித் தீர்ந்தது. மூன்றாம் முறை வார்த்தபோது அப்பா ஒரு பெயரைச் சொன்னார். சித்தப்பாவின் முழுப்பெயரை நான் கேட்டது அன்றுதான். நல்ல நீளமான, அழகான பெயராக இருந்தது. எள்ளு ஏரியில் விழுந்து, சிறிது மிதந்து, பரந்து போயிற்று.

திரும்பும் வழியில் ஸ்ட்ரீட்காரில் அப்பாவும் அம்மாவும் ஒட்டி உட்கார்ந்திருந்தனர். அப்பாவின் காற்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எதிரே இருந்த கிழவி, அவர் மீண்டும் மாட்டியிருந்த செஞ்சட்டையைப் பார்த்து, போரில் வென்றீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா பணிவோடு, தோற்றுவிட்டோம் என்றார். வரலாற்றின்படி அது சரியே. அந்தப் போரில் கோட்டை விழுந்தது.

வீட்டு வாசலில் அம்மா எங்களை மறித்து நிறுத்தினார். ஒருவரும் ஒன்றையும் தொடவேண்டாம், நேரே போய்த் தலைமுழுக வேண்டும் என்றார். முதலில் அப்பா போனார். குழாய் நெடுநேரம் திறந்தேயிருந்தது. பிறகு அம்மா, பிறகு நான். காலையில்தான் முழுகினேன் என்று சொல்லிப் பார்த்தேன், அம்மா கேட்கவில்லை.

ஓர் உறவினர் இறந்த செய்தி எட்டிய வேளையில் வீட்டார் அவ்வாறு முழுகுவர் என்பதை நான் அறிந்தது, என் வீட்டுக்கே அப்படியொரு செய்தி வந்த நாளில். அதற்குப் பல ஆண்டுகள் கழிந்திருந்தன. அன்று நானறிந்தது வெடிமருந்து மட்டுமே. கோட்டைப் புகை தலைமயிரில் ஏறியிருக்கும், அதனால்தான் அம்மா விடுகிறாரில்லை என்று எண்ணிக்கொண்டு, கண்ணெரிய எரியச் சீயாக்காய் தேய்த்து முழுகினேன். வெளியே வந்து, மணம் போய்விட்டதா என்று அம்மாவிடம் தலையை நீட்டினேன். அவர் என் உச்சியில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தார். நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் அப்படியே நின்றார். இவ்வளவு தேய்த்தும் போகவில்லையோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.