வருத்தம் வராதவன்

அறுபதுகளில் பம்பாயில் ஒரு மனநோய் மருத்துவமனையில் ஸ்டெனோவாக இருந்தேன். மாட்டுங்காவிலிருந்து தினமும் ரயில். கோர்ட் அனுப்பும் குற்றவாளிகளைப் பார்த்து, இவர்களிடம் இருப்பது நோயா, சுபாவமா என்று டாக்டர் எழுத வேண்டும். நோய் என்றால் எங்களுடைய பூட்டிய வார்டு. சுபாவம் என்றால் ஜெயில். தமிழர் வந்தால் மொழிபெயர்ப்பது என் வேலை.

அப்படித்தான் அவனைச் சந்தித்தேன். தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவன், திருநெல்வேலிப் பக்கம், முப்பது வயதிருக்கும். கத்திக்குத்துக்காக ஏற்கெனவே இரண்டு முறை உள்ளே போனவன். இந்தத் தடவை சொந்த அக்காள் புருஷனையே வெட்டிவிட்டான். குழம்பில் உப்பில்லை என்று தட்டை எறிந்ததை அவர் தட்டிக் கேட்டாராம். அவருக்கு மூன்று விரல்கள் போயின.

ஒருநாள் அந்த அக்காள் என் மேஜைக்கு வந்தாள்.

"எம்மா, அவன இங்கனயே வச்சுக்கிடச் சொல்லுங்க. ஜெயிலுக்குப் போனா ஒருநா வெளிய வருவான். வந்தா எங்க வீட்டுக்குத்தான வருவான்? சின்னதுலயே இப்படித்தாம்மா. அடிச்சிட்டு, ஏன் அழுதேன்னு நம்மகிட்டயே கேப்பான்."

டாக்டரிடம் சொல்வதாகச் சொன்னேன். சொல்லவும் செய்தேன். அவர் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது சந்திப்பில் டாக்டர் அவனிடம், செய்ததற்கு வருந்துகிறானா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அவன் வெகுநேரம் யோசித்தான்.

"வருத்தப்படணும்னு தெரியுதும்மா. எல்லாரும் படுதாவ. நானும் பாக்கேன், வரமாட்டேங்கு."

"இல்லை என்கிறான், சார்" என்றேன் ஆங்கிலத்தில்.

ஏன் அப்படிச் சுருக்கினேன்? அன்று காலையிலிருந்து நான்காவது ஆள் அவன். களைத்திருந்தேன். கொஞ்சம் பயமும் இருந்தது. மனநோய் இல்லை, சுபாவக் கோளாறு, சிகிச்சையால் பயனில்லை என்று டாக்டர் சொல்லச் சொல்ல நானே டைப் செய்தேன். அவனை ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

ஒரு வாரம் சரியாகத் தூங்காமல், கடைசியில் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"முடிவு மாறியிருக்காது. இப்படிப்பட்டவர்களுக்கு நம்மிடம் மருந்தில்லை" என்றவர், "ஆனால் இன்னொரு கேள்வி கேட்டிருப்பேன்" என்றார்.

மூன்று வருஷம் கழித்து, அந்த டாக்டர் மாற்றலாகிப் போன பிறகு, ஒரு பகல் வேளையில் கேட்டில் யாரோ என்னைத் தேடுவதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். போனேன். அவன்தான், இளைத்துப்போயிருந்தான்.

"இங்க சேத்துக்கிடுவாவளாம்மா? அக்கா வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டா. எங்கன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ. அதுவும் சரிதான். வெளிய கெடந்தா நான் யாரையாச்சும் வெட்டிருவேன்."

"நீங்களா வந்தா எடுத்துக்க மாட்டா. கோர்ட்டிலேர்ந்து அனுப்பணும்" என்றேன்.

"கோர்ட்டுல இருந்து அனுப்பணும்னா, நான் என்னம்மா செய்யணும்?"

அவன் குதர்க்கமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். கொஞ்ச நேரம் காத்து நின்றுவிட்டு, ஸ்டேஷன் பக்கமாக நடந்து போனான்.

அதன்பின் கோர்ட்டிலிருந்து உறை வரும்போதெல்லாம் முதலில் பெயரைத்தான் பார்ப்பேன். நான் வேலையை விடும்வரை அவன் பெயர் வரவில்லை.