போனைத் தர மாட்டேன் என்றேன்

மூணாறில் நான் வேலை பார்க்கும் ரிசார்ட்டில் ஓர் அறையின் கூரை ஒழுகுவதை யாரோ படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார்கள். யாரென்று கண்டுபிடிக்க, இன்று காலை எங்கள் மலையாளி மேலாளர் எங்கள் எல்லாருடைய போனையும் திறந்து காட்டச் சொன்னார்.

அறைகளைச் சுத்தம் செய்யும் செல்வி மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். மேலாளர் படங்களோடு நிற்கவில்லை. அவள் புருஷனுக்கு அனுப்பிய மெசேஜைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்து என்னிடம் கையை நீட்டினார்.

"தர மாட்டேன் சார். அந்தப் படத்தைப் போட்டது நான் இல்ல."

"ஒளிக்க ஒண்ணும் இல்லெங்கில் தரலாமல்லோ?"

"என்னோடது மட்டும்னா காட்டிருவேன் சார். எங்க அக்கா என்னை நம்பி எழுதுனதும் அதுல இருக்கு. அவ உங்ககிட்ட வேலை பாக்கல."

அவர் முகம் சுருங்கியது. "இப்ப வீட்டுக்குப் போ. நாளைக்கு வரணுமான்னு போன்ல விளிச்சு சொல்றேன்."

செல்வி வாசல்வரை ஓடி வந்தாள். "நானும் குடுத்திருக்கக் கூடாதுல்லக்கா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்துவிட்டேன். போன் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

இப்போதும் ஒரு சத்தம் கேட்டது. மேலாளர்தான். ஆனால் கூப்பிடவில்லை, பேஸ்புக்கில் நட்பு அழைப்பு அனுப்பியிருக்கிறார்.

ஏற்கவா, வேண்டாமா? கமெண்டில் சொல்லுங்கள். சொல்வதற்கு முன், உங்கள் நண்பர் பட்டியலில் உங்கள் மேலாளர் இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.