பாக்கியத்தின் கேள்வியில் நான் விட்ட ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர்களாகச் சேரும் புதியவர்களுக்கு என் தவறு ஒன்றைச் சொல்கிறேன்.

பயங்கரவாதத் தடுப்புக்கான புதிய சட்ட வரைவைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கப் பதுளையில் ஒரு கூட்டம் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த சட்ட அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் பலருக்குச் சிங்களம் போதாது. நடுவில் நான், கையில் மைக்குடன்.

பேசுபவர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். முதலில் ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் பேசினார். “கூட வேலை செய்தவரைக் குண்டுவெடிப்பில் இழந்தேன். சட்டம் கடுமையாக இருக்கட்டும்” என்றேன் தமிழில். அடுத்தவர் துணிக்கடை நிஸாம் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். சிங்களம் நன்றாகத் தெரிந்தும் தமிழிலேயே பேசினார். “தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, பெயரைப் பார்த்தே என் கடையைச் சோதித்தார்கள்” என்றேன் சிங்களத்தில். அரை மணிக்குள் பொலிசாகவும் பொலிஸ் தேடும் ஆளாகவும் இருந்துவிட்டேன்.

பிறகு மடுல்சீமையில் கொழுந்து பறிக்கும் பாக்கியம் எழுந்தார். அத்தியாவசிய சேவையைத் தடுப்பதும் பயங்கரவாதம் ஆகலாம் என்று வரைவில் ஒரு வரி இருந்தது.

“சம்பளம் கேட்டு நாங்க ரோட்டுல உக்காந்தா, அதுவும் இதுல வருமாங்க?”

“அதை நீதிமன்றம் தீர்மானிக்கும்” என்றார் அதிகாரி.

“கோர்ட்டு சொல்ற வரைக்கும் நாங்க எங்க இருப்போம்? உள்ளயா?”

அதிகாரி மனம் கோணுவாரே என்று பயந்து, ‘உள்ளயா’வை விட்டுவிட்டு, “வழக்கு தாமதமாகலாம் என்று கவலைப்படுகிறார்” என்று மாற்றிச் சொன்னேன்.

நிஸாம் நானா எழுந்தார். “மிஸ், அவங்க கேட்டது அது இல்லயே.”

மன்னிப்புக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே சிங்களத்தில் சொன்னேன். முதலில் சிரித்தவர் இன்ஸ்பெக்டர்தான். “அவர் கேட்பது சரி. என் ஸ்டேஷனில் ஆளை அடைக்க இருப்பது இரண்டு கூண்டு. ஒரு தோட்டத்தையே எங்கே அடைப்பேன்? நான் தேடுவது குண்டு வைப்பவனை.”

வேலைநிறுத்தத்துக்கு விலக்கு வேண்டும் என்று அதிகாரி அங்கேயே எழுதிக்கொண்டார். அடுத்து வந்த வரைவில் அந்த விலக்கு இருந்தது. எங்களால்தான் என்று சொல்ல மாட்டேன். பல ஊர்களிலும் கேட்டிருப்பார்கள். ஆனால் நான் மாற்றிச் சொன்னது மட்டும் அவர் காதில் விழுந்திருந்தால், பதுளையிலிருந்து அந்தக் கேள்வி போயே இருக்காது. அடுத்தவர் கோபத்தைக் குறைத்துச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

தேநீர் வேளையில் பாக்கியம் பக்கத்தில் வந்தார்.

“ரெண்டாவது வாட்டி நல்லாத்தான் கேட்டீங்க மிஸ். என்னைய விடச் சத்தமா.”